ஒன்ஸ்மோர் எடுத்த கம்பெனிப் படம்

ஊரில் கல்யாணம் செய்துகொண்டவர்களில் பாதிப் பேரை அவர் வீடியோ எடுத்திருக்கிறார். ஆனால் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. 'ஒன்ஸ்மோர்' என்றால்தான் தெரியும். மோதிரம் போடும் கை கொஞ்சம் மறைந்தாலும் போதும், கழற்றச் சொல்லி "ஒன்ஸ்மோர்" என்பார். ஒரு கல்யாணத்தில் பெண்ணின் அப்பா தேம்பி அழுது முடித்தபின், வெளிச்சம் சரியில்லை, திரும்ப அழுங்கள் என்று கேட்டு அடி வாங்கப் பார்த்தார். அப்படி ஒரு மனுஷன்!

டயர் கடைக்கு மேலே ஒழுகுகிற அறை, கைமாறி வந்த ஒரு பழைய கேமரா. அவ்வளவுதான் ஆரம்பம். மழை வந்தால் அவர் குடையைக் கேமராவுக்குப் பிடிப்பார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கேசட்டுகளுக்கு லேபிள் ஒட்டுவாள். போர்டில் மகள் பெயர். தன்னுடையது என்று மார்தட்டிச் சொல்ல அவருக்கு இருந்தது அந்தக் கடை ஒன்றுதான்.

மனைவியின் தம்பி வெகு நாள் கழித்து வந்து ஒட்டிக்கொண்டவன். கேமராவைத் தொடமாட்டான். வாய் மட்டும் அப்படி ஒரு வாய், கல்லையும் கரைத்துவிடும். ஆர்டர் பிடிப்பது அவன் வேலை.

"மாமா, வீடியோ கடைன்னா இப்ப எவனும் மதிக்கிறதில்ல. பேர மாத்தணும், போர்ட மாத்தணும், கம்பெனி மாதிரி காட்டணும்," என்றான்.

"பாப்பா பேரையா எடுக்கச் சொல்ற?"

"பாப்பாவுக்காகத்தான் சொல்றேன் மாமா."

பாப்பாவுக்காக என்றதும் சரி என்றார். போர்டு இறங்கியது. வாயில் நுழையாத ஒரு பெயர் ஏறியது. புதுப் பெயரை ஊருக்கு அறிமுகப்படுத்த ஒரு சின்னப் படம் வேண்டும், அதில் மைத்துனன் பேசுவான், அவர் எடுப்பார் என்று முடிவானது.

பார்த்துப் பார்த்து எடுத்தார். மைத்துனன் முகத்தில் ஜன்னல் வெளிச்சம் இதமாக விழும்படி திரை கட்டினார். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. ஹெட்போன் மாட்டிவிட்டால் பேசுகிற பேச்சு காதில் ஏறாது. ஃபேன் இரைகிறதா, மைக்கில் சட்டை உரசுகிறதா, அது மட்டும்தான் கேட்கும். மைத்துனன் உருகி உருகிப் பேசிக்கொண்டிருந்தபோது கீழே டயர் கடையில் சுத்தியல் சத்தம் போட்டது.

"கட்! மாப்ள, நல்லாத்தான் பேசுன, சத்தம் விழுந்துடுச்சு. ஒன்ஸ்மோர். இந்தத் தடவை கொஞ்சம் மனசுலேந்து பேசு."

மனசிலிருந்தே பேசினான், படுபாவி.

வாடகை மண்டபத்தில் பழைய வாடிக்கையாளர்களை உட்காரவைத்துப் படத்தைப் போட்டார்கள். ஹெட்போன் இல்லாமல் அன்றுதான் அவர் முதல்முறையாக அதைக் கேட்டார்.

"ஒழுகுற ரூம், ஒரு பழைய கேமரா. மழை வந்தா நான் கேமராவுக்குக் குடை பிடிப்பேன். கூட யாருமே இல்ல. தனியாளா ஆரம்பிச்சேன்."

மண்டபம் கை தட்டியது. இந்தப் பொய்க்கு வெளிச்சம் கட்டியதே அவர்தானே! சரியாக வரவில்லை என்று திரும்பவும் சொல்லவைத்ததும் அவர்தானே! பின்னால் வாடிக்கையாளர் ஒருவரோடு வந்திருந்த யாரோ, "நீங்களும் இந்தக் கம்பெனியிலதான் வேலை பாக்குறீங்களா?" என்று கேட்டார்.

பிறகுதான் பொறி தட்டியது. குடை பிடித்த காலத்தில் மைத்துனன் பள்ளிக்கூடத்துப் பையன். அந்த அறைக்குள் அவன் காலெடுத்து வைத்ததே இல்லை. குடையைப் பற்றித் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். மனைவி பக்கம் திரும்பினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீயா சொல்லிக் குடுத்த?"

"ஆமா. உங்களுக்கு நாலு பேர் முன்னால பேச வராது. அவன் சொன்னா எடுபடும். யார் சொன்னா என்னங்க, நம்ம குடும்பம்தானே?"

தம்பி செய்ததை அவர் என்றாவது மன்னித்திருப்பார். இவள் சொன்னது நெஞ்சில் இறங்கியது. சேர்ந்து நனைந்தவள் அல்லவா!

மேடையிலிருந்து மைத்துனன் கூப்பிட்டான். "மாமா, எல்லாரும் நிக்கிறோம், ஒரு போட்டோ எடுங்க!"

அவர் எழுந்தார். கேமராவை ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டு மேடையேறி, கூட்டத்தை விலக்கி நட்டநடுவில் போய் நின்றார்.

"நீங்க இங்க வந்துட்டா யாரு மாமா எடுக்கிறது?"

"தனியாளா ஆரம்பிச்சவன் நீதானே, எடுடா."

மனைவி ஓடி வந்து அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "எல்லாரும் பாக்குறாங்க, மானத்த வாங்காதீங்க. போய் எடுங்க."

"யாரு மானத்தடி?" என்று கேட்டார்.

அவள் கையை விட்டாள். அவர் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.