பிறாவ் லேனர்ட்டின் அமெரிக்கக் குசினி

ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி கொறற்றி ஐஸ் கரைத்தாள். இளம்பச்சை நிறத்தில், மூலைகள் உருண்டு, அலுமாரி மாதிரி நின்ற அந்தப் பழைய அமெரிக்க பிரிட்ஜின் மேல்தட்டில் விரல் மொத்தத்துக்கு ஐஸ் படிந்துவிடும். கத்தியால் சுரண்டினால் தகடு ஓட்டையாகிவிடும். அதனால் சுடுதண்ணீர்ச் சட்டியை உள்ளே வைத்து, கரைந்து வடிவதைத் துணியில் ஒற்றிப் பிழிந்து, தண்ணீர் ஆறியதும் திரும்பச் சுடவைக்க வேண்டும். ஒரு மணித்தியாலம் அதிலேயே போய்விடும்.

வீடு பிறாவ் லேனர்ட்டினுடையது. பிறாவ் என்பது ஜேர்மன்காரர் பெண்களை மரியாதையாகக் கூப்பிடும் சொல். ஜேர்மனியில் வுப்பர்டால் நகரில், எல்பர்ஃபெல்ட் மேட்டில், தெருவிலிருந்து எழுபது படி ஏற வேண்டிய வீடு. அவருக்கு எழுபத்தேழு வயது, கலியாணம் செய்யாதவர், காப்புறுதிக் கந்தோர் ஒன்றில் நாற்பது வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற அடுத்த மாதமே ஒரு மேசை வாங்கினார். பளபளக்கும் குழாய்க் கால்களும் சிவப்புத் தட்டும் கொண்ட அமெரிக்க மேசை. அதற்கு ஏற்ற சிவப்புக் கதிரைகள் பிறகு வந்தன. பிரிட்ஜ் கப்பலில் வந்தது. அந்தச் சாமான்களுக்கு இங்கத்தை மின்சாரம் ஒத்துவராது என்று மேசைக்குக் கீழே அதை மாற்றித் தரும் ஒரு கனத்த இரும்புப் பெட்டி வந்தது. அது நாள் முழுக்க ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருந்தது. இப்படியே பத்து வருடத்தில் அந்தக் குசினி ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தைந்தாம் ஆண்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

பார்க்க வடிவான குசினிதான். கொறற்றியும் அதை மறுத்ததில்லை. ஆனால் அங்கே இருந்த எதுவும் பார்ப்பதற்கு மட்டும் இருக்கவில்லை, எல்லாவற்றையும் பாவிக்க வேண்டியிருந்தது. கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரைக்கு முழங்காலில் நின்று மெழுகு தேய்க்க வேண்டும். தூசி உறிஞ்சும் மெசின் முழுக்க இரும்பு, பதினொரு கிலோ. தொடக்கினால் கீழ்வீட்டு நாய் குலைக்கும். சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த ஒரு பழைய விளம்பரப் படத்தில், முத்துமாலையும் உயர்ந்த குதிச் சப்பாத்தும் போட்ட வெள்ளைக்காரி ஒருத்தி அதே மெசினை இரண்டு விரலால் பிடித்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். கொறற்றிக்கு அந்தப் படத்தைத் துடைக்கும்போதெல்லாம் அவளுடைய முதுகைத்தான் பார்க்கத் தோன்றும். கொஞ்சமும் வளையாத முதுகு.

யாழ்ப்பாணத்துப் பாசையூரில் பிறந்த கொறற்றி, எண்பத்தொன்பதில் புருஷன் மரியதாசோடு அகதியாக வந்தவள். வேலை செய்ய அனுமதிக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து துப்புரவு வேலைதான். ஒரு ஹோட்டல், ஒரு பள்ளிக்கூடம், பிறகு வீடுகள். இப்போது அறுபத்திரண்டு வயது. கிழமையில் நான்கு நாள் வேறு இரண்டு இடம், செவ்வாயும் வெள்ளியும் இங்கே.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிறாவ் லேனர்ட்டின் சிநேகிதர்கள் வருவார்கள். அந்தக் காலத்து உடுப்பில், பெண்கள் குடை மாதிரி விரிந்த பாவாடையும், ஆண்கள் தலையில் எண்ணெய் மினுங்கும் சுருளுமாக வந்து, இசைத்தட்டுப் போட்டு ஆடுவார்களாம். கொறற்றி அவர்களை ஒருநாளும் கண்டதில்லை. செவ்வாய்க்கிழமை அவளுக்குக் கிடைப்பது உதட்டுச்சாயம் ஒட்டிய கிளாசுகளும், மெழுகுத் தரையில் குதிகள் இழுத்த கீறல்களும்தான். அந்தக் கீறல்களைப் பார்த்தே எத்தனை சோடி ஆடியது என்று சொல்லிவிடுவாள்.

போன வருடம் கோடையில் ஒருநாள், சொல்லிப் பார்ப்போம் என்று வாயைத் திறந்தாள்.

“பிறாவ் லேனர்ட், என்னுடைய வீட்டில் பாரமில்லாத மெசின் ஒன்று இருக்கிறது. நான் அதைக் கொண்டுவரட்டுமா?”

பிறாவ் லேனர்ட் கோப்பியை மேசையில் வைத்தார். கோபப்படவில்லை. “அந்தச் சத்தம் வேண்டும், கொறற்றி,” என்றார். “பக்கத்து அறையில் இருந்து அந்தச் சத்தத்தைக் கேட்க எனக்கு விருப்பம்.”

அன்று பின்னேரம் கொலோனில் இருக்கும் மகள் அன்ரனிற்றா போன் எடுத்தபோது கொறற்றி இதைச் சொன்னாள்.

“சத்தம் கேக்கவோ? அம்மா, அவவுக்கு ஒரு றெக்கோட் பண்ணிக் குடுங்கோ. நீங்கள் அந்த வீட்டை விடுங்கோ.”

“விட்டால் வேறை ஆர் பிள்ளை போறது? இந்தக் காலத்துப் பிள்ளையள் அந்தத் தரையைப் பாத்தவுடனை ஓடிப் போயிடுவினம்.”

“அது உங்கடை பிரச்சினை இல்லை.”

“ஓம், ஓம்,” என்றாள் கொறற்றி. அவளுக்குப் பேச அலுப்பாக இருந்தது. விடுவதென்றால் போய்ச் சொல்ல வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், புது இடம் தேட வேண்டும். பழைய மெசினை இழுப்பது அதைவிடச் சுகமாகத் தெரிந்தது.

கார்த்திகை மாதத்தில் முழங்கால் அந்தக் கணக்கைத் தீர்த்தது. மெழுகு தேய்த்து முடித்து எழும்பப் பார்த்தாள், ஏலவில்லை. வலது முழங்காலுக்குள் என்னவோ இறுகிப் பூட்டிக்கொண்டது. மேசைக் காலைப் பிடித்தாள், கை மெழுகில் வழுக்கியது. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து, கட்டம் போட்ட தரையில் கிடந்தாள். கூப்பிட வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கூப்பிட்டாள்.

பிறாவ் லேனர்ட் ஓடிவந்தார். மெலிந்த மனிசிக்கு எங்கிருந்து பலம் வந்ததோ, கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி, சிவப்புக் கதிரை ஒன்றில் இருத்திவிட்டார். பிரிட்ஜிலிருந்து ஐஸ் கட்டிகளை எடுத்துத் துவாயில் சுற்றி முழங்காலில் வைத்தார். ஒரு கிளாசில் ஆரஞ்சு நிறத் தோடம்பழச் சாறு வார்த்துக் கையில் கொடுத்தார். பிறகு தானும் எதிரே இருந்து, என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கைகளையும் மேசையில் வைத்துக்கொண்டார்.

“நீங்கள் இந்தக் கதிரையில் இருந்து நான் பார்த்ததே இல்லை,” என்றார்.

“வேலை நேரத்தில் எப்படிக் கதிரையில் இருக்கிறது?”

பிறாவ் லேனர்ட் ஜன்னல் பக்கம் திரும்பினார். “என் அம்மாவும் இருந்ததில்லை.”

அதுவரை அவர் சொல்லாத கதையை அன்று சொன்னார். இரண்டாம் உலகச் சண்டை முடிந்து சில வருடங்களில், கைசர்ஸ்லௌட்டர்ன் நகரில், அமெரிக்க இராணுவ அதிகாரி ஒருவரின் வீட்டில் அவருடைய தாய் துப்புரவு வேலை செய்தவர். தகப்பன் சண்டையிலிருந்து நெஞ்சு வருத்தத்தோடு திரும்பி, வேலைக்குப் போக முடியாமல் இருந்தார். ஐந்து வயதுப் பிள்ளையான இவரை விட்டுப்போக ஆளில்லாததால் தாய் கூட்டிக்கொண்டு போவார். பிள்ளை குசினி மேசைக்குக் கீழே இருக்க வேண்டும், எதையும் தொடக்கூடாது. மேசைக்குக் கீழிருந்து பச்சை பிரிட்ஜைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதிகாரியின் மனைவி சில நாட்களில் அதைத் திறந்து, தோடம்பழச் சாறு கொடுப்பாள்.

“எங்கள் வீட்டில் அப்போது தண்ணீர்க் குழாய்கூட முற்றத்தில்தான். அந்தக் குசினிதான் எனக்கு உலகம். மெசின் சத்தம் கேட்டால் அம்மா பக்கத்து அறையில் இருக்கிறாள் என்று தெரியும். பயமில்லாமல் இருப்பேன்.”

கொறற்றிக்கு முழங்கால் விறைத்துப்போயிருந்தது. “அம்மாவின் முழங்கால் எப்படி இருந்தது?” என்று கேட்டாள்.

பிறாவ் லேனர்ட் யோசித்தார். “எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை,” என்றார்.

நனைந்த துவாயை எடுத்துப் பிழிந்து, திரும்ப முழங்காலில் வைத்தார். பிறகு பிறாவ் லேனர்ட்டே கேட்டார்: “திரும்பிப் போகலாம் என்றால் நீங்கள் எந்த வருடத்துக்குப் போவீர்கள், கொறற்றி?”

பாசையூரில் இருந்த ஒரு வருடத்தைச் சொல்வாள் என எதிர்பார்த்திருப்பார். கொறற்றி, “இரண்டாயிரத்து மூன்று,” என்றாள். “பார்மனில் இரண்டறை வீடு. ஒரு பழைய உடுப்புத் தோய்க்கிற மெசின் வாங்கினோம், அது நன்றாக வேலை செய்தது. விசா பிரச்சினையும் முடிந்திருந்தது. மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். சனிக்கிழமை எட்டு மணிவரை நித்திரை கொண்டேன்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

தை மாதத்தில் கொறற்றிக்குச் சின்ன ஒப்பரேஷன் நடந்தது. முழங்காலில் நிற்கும் வேலை இனி ஆகாது, படியும் குறையுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை, வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டு வருவதற்காக அந்த எழுபது படியையும் நின்று நின்று ஏறினாள்.

குசினித் தரை மங்கிப்போயிருந்தது. ஜன்னலோரம் நான்கு கட்டங்கள் மட்டும் மினுங்கின.

“நான்தான்,” என்றார் பிறாவ் லேனர்ட். “நாலுக்கு மேல் முடியவில்லை. அம்மா கிழமையில் மூன்று வீடு செய்தவள்.” திரைச்சீலைக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் புதுத் தூசி மெசின் ஒன்று நின்றது. அவர் அதை மறைக்கப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார்.

கொறற்றி வந்த விஷயத்தைச் சொன்னாள். பிறாவ் லேனர்ட் தலையாட்டினார். கோப்பி வார்த்தார். அலுமாரியைத் திறந்து, கோழி மாதிரிச் செய்த பிஸ்கட் சாடியை எடுத்து மேசையில் வைத்தார். “இதைக் கொண்டுபோங்கள். ஞாபகத்துக்கு.”

“வேண்டாம், பிறாவ் லேனர்ட். குறைநினைக்க வேண்டாம். வீட்டில் துடைக்க ஏற்கெனவே நிறையச் சாமான் இருக்கிறது.”

பிறாவ் லேனர்ட் முதலில் திகைத்தார். பிறகு சிரித்தார். சிரிப்பு முடியும்போது கண் கலங்கியிருந்தது. வாசல்வரை வந்து, கொறற்றி கடைசிப் படி இறங்கும்வரை கதவைப் பூட்டாமல் நின்றார்.

தலைக்கு மேலே தண்டவாளத்தில் தொங்கி ஓடும் அந்த ஊர்த் தொங்கு ரயிலில் இடம் கிடைத்தது. கீழே ஆறு ஓட, பெட்டி மெதுவாக ஆடியது. வேலையை விட்டதற்குச் சந்தோஷமும் வரவில்லை, துக்கமும் வரவில்லை. அலுப்பு மட்டும் கால்விரலிலிருந்து ஏறி வந்தது. கண்ணை மூடினாள். யாரோ தோளைத் தட்டியபோது பெட்டியில் வேறு ஒருவரும் இல்லை, ஓபர்பார்மன், கடைசி நிலையம். இறங்க வேண்டிய இடம் எப்போதோ போய்விட்டது.

நிலையத்து வாங்கில் இருந்துகொண்டு மரியதாசுக்குப் போன் எடுத்தாள்.

“இஞ்சாருங்கோ, நான் நித்திரையாப் போனன்.”

“எங்கை நிக்கிறாய்?”

“கடைசியிலை.”

“சொல்லிப்போட்டியோ அவவுக்கு?”

“ஓம். சொல்லிப்போட்டன்.”

“சரி. நடவாதை, அங்கையே இரு. நான் வாறன்.”

கொறற்றி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, காலை நீட்டி அங்கேயே இருந்தாள்.