வா என்றால் போகும் நாய்

சித்திரை மாதம் இருபதாம் தேதி, வியாழக்கிழமை. பள்ளிக்கூடம் விடுமுறை. அன்று காலை வீட்டில் எல்லாம் வழக்கப்படியே நடந்தன. அம்மா வாசல் தெளித்துக் கோலம் போட்டாள். அப்பா சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டு, நெரவியில் தான் வேலை பார்த்த கூட்டுறவுச் சங்கத்துக்குக் கிளம்பினார். நான் நாயின் வட்டிலைக் கழுவிக் கஞ்சி ஊற்றினேன். ஊற்றும்போது அழுதேன். மறுநாள் காலை கிளிஞ்சல்மேட்டிலிருந்து ஐஸ் கம்பெனிக்காரர் வந்து, கம்பெனிக் காவலுக்கென்று நாயைக் கொண்டுபோவதாக ஏற்பாடாகியிருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

நாயின் பெயர் பிஜு. எதிர்வீட்டுச் சொல்தாவின் நாய் அது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். பிரான்சில் இருக்கும் மகளோடு தங்கிவிடுவதென்று அவர் புறப்பட்டபோது, சங்கிலி, வட்டில், தான் உடுத்திய பழைய கைலி ஒன்று ஆகியவற்றோடு நாயை அப்பாவிடம் ஒப்படைத்தார். "ரொம்ப ஒழுக்கமான புள்ளைங்க. சொன்னா சொன்னபடி கேக்கும்" என்று அதன் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் காரில் ஏறினார்.

ஒழுக்கம் எப்படிப்பட்டது என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. அப்பாவின் இடது கால் செருப்பைக் கடித்துத் துப்பியது. கூடத்தில் மூத்திரம் பெய்தது. பொழுது சாய்ந்ததும், பூட்டிக் கிடந்த எதிர்வீட்டைப் பார்த்து ஊளையிட ஆரம்பித்தது. நாய் ஊளையிட்டால் வீட்டுக்கு ஆகாது என்று தெருவில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அப்பா ஒரு மூங்கில் குச்சியைச் சீவி நிலைப்படிக்கு மேலே சொருகி வைத்தார்.

அம்மா பிறந்தது நெடுங்காட்டில், மாடு கன்று நிறைந்த வீட்டில். அவள் நாய் வளர்த்ததில்லை. ஆனாலும் அந்தக் குச்சியை எடுத்து அடுப்பில் வைத்துவிட்டாள். "கன்னுக்குட்டிய வேற வூட்டுக்கு ஓட்டியாந்தாலே நாலு நாளைக்குக் கத்தும். இது எசமானத் தொலைச்ச நாயி. கத்தாம பாட்டா பாடும்?" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் செய்த ஒவ்வொன்றையும் இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வியப்பாக இருக்கிறது. செருப்புகளை ஆணியில் மாட்டினாள்; கடிப்பதற்குத் தென்னை மட்டையில் ஒரு துண்டு வெட்டிப் போட்டாள். கஞ்சி குடித்த கையோடு நாயைக் கொல்லைக்கு நடத்திப் போய், அது காரியத்தை முடிக்கும்வரை நின்று, முடித்ததும் "சமத்து" என்று தட்டிக் கொடுத்தாள். சொல்தாவின் கைலியைத் துவைக்காமல் அப்படியே பின்கட்டில் விரித்தாள். அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு படுத்த பிறகு ஊளை குறைந்தது. குளிப்பாட்டும்போது அது தண்ணீரைக் கண்டு மிரண்டதால், முதலில் காலில் மட்டும் ஊற்றினாள், பிறகு முதுகில். தலைக்கு ஈரத்துணியோடு சரி.

இரண்டு குணங்கள் மட்டும் அவளுக்கும் பிடிபடவில்லை. ஒன்று, 'வா' என்று கூப்பிட்டால் நாய் எதிர்த்திசையில் நடந்துவிடும். நாலடி போய், நின்று, திரும்பி எங்களைப் பார்க்கும். மறுபடி கூப்பிட்டால் இன்னும் தள்ளிப் போகும். கத்திக் களைத்து நாங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டால், கொஞ்ச நேரம் கழித்துத் தானே வந்து வாசலில் நிற்கும். இன்னொன்று இதைவிட மோசம். எப்போதாவது தப்பித் தவறிக் கூடத்தை நனைத்துவிட்டால் அம்மா "சீ, அசிங்கம்!" என்பாள். உடனே அது அந்த ஈரத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்துகொள்ளும்.

"பாத்தியா, திட்டத் திட்ட அதுலயே ஒக்காருது. வெக்கங்கெட்டது" என்றார் அப்பா.

"கூப்புட்டா போவுது. வுட்டா வருது. இதுல ஏதோ இருக்குங்க" என்றாள் அம்மா.

"திமிரு இருக்கு. வேற என்ன இருக்கு?"

அந்தத் திமிருக்காகத்தான் ஐஸ் கம்பெனிக்காரருக்குச் சொல்லியனுப்பியிருந்தார்.

அன்று மாலை அப்பா சைக்கிளை உள்ளே தள்ள வாசல் கதவைத் திறந்தார். அந்த இடைவெளியில் பிஜு வெளியே நழுவியது. எங்கள் தெரு முடிகிற இடத்தில் மெயின் ரோடு. நாகூர்ப் பக்கம் போகும் பேருந்துகள் அந்தத் திருப்பத்தில் வேகத்தைக் குறைப்பதே கிடையாது. நான் "பிஜு, வா! வா!" என்று அலறிக்கொண்டு பின்னால் ஓடினேன். அப்பாவும் வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு "வாடா! டேய், வாடா!" என்று ஓடி வந்தார். நாங்கள் கத்தக் கத்த நாய் ரோட்டை நோக்கிப் போனது. ஒவ்வொரு தடவையும் நின்று, திரும்பிப் பார்த்து, நாங்கள் கூப்பிட்டதும் மறுபடி நடந்தது. பேருந்தின் ஹாரன் கேட்டது. ரோட்டுக்கும் நாய்க்கும் நடுவே இருந்தது ஒரு சாக்கடைப் பாலம் மட்டுந்தான்.

அம்மா கொல்லையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள், செதில் ஒட்டிய கைகளோடு ஓடி வந்தாள். அவள் வா என்று சொல்லவில்லை. தெருவின் நடுவில் நின்று, வயிற்றிலிருந்து ஒரு குரல் எடுத்து, "அசிங்கம்!" என்று கத்தினாள்.

பிஜு பாலத்தின் மேல் அப்படியே உட்கார்ந்தது. பேருந்து அதன் மீசையை உரசுவதுபோல் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

ஓடிக்கொண்டிருந்த அப்பா சட்டென்று நின்று, குனிந்து பார்த்து, அவிழ்ந்திருந்த வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டார்.

"ஏங்கக்கா, அண்ணனையா சொன்னீங்க?" என்று குழாயடியிலிருந்து ஒரு பெண் கேட்டாள். தெரு சிரித்தது.

எதிர்வீட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற அந்த நேரத்துக்கு வருகிற சொல்தாவின் தம்பியும் அங்கே நின்றிருந்தார். அவர் மட்டும் நாயைப் பார்த்துச் சிரித்தார். "அண்ணன் அதுகிட்ட பிரெஞ்சுலதானங்க பேசும். 'அசி'ன்னா ஒக்காருன்னு அர்த்தம். 'வா'ன்னா போ. நீங்க வா வான்னா அது எங்கேருந்து வரும்?" என்றார். வரச் சொல்ல வேண்டுமானால் 'வியான்' என்று சொல்ல வேண்டுமாம்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. பாலத்தில் நாயின் பக்கத்திலேயே உட்கார்ந்து, மீன் கை படாமல் முழங்கையால் அதன் கழுத்தை அணைத்துக்கொண்டாள். "எத்தினி தடவ போ போன்னு வெரட்டியிருக்கோம், பாப்பா. அத்தினி தடவயும் அது வந்துருக்கே" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். அவள் குரல் ஏன் அப்படி ஆயிற்று என்று நான் யோசிக்கவில்லை. சொன்ன சொல்லையெல்லாம் கேட்ட அந்த நாய், முழுசாகக் கேட்காமல் விட்டது அந்தப் 'போ' ஒன்றைத்தான்.

அப்பா மறுபடி சைக்கிளை எடுத்தார்.

"எங்கங்க?"

"கிளிஞ்சமேட்டுக்கு. காலையில வர வேணாம்னு சொல்லிட்டு வந்துர்றேன்."

இரவுச் சாப்பாட்டின்போது, நாயை இனி எந்தச் சொல்லால் கூப்பிடுவது என்று பேச்சு வந்தது. எனக்கு 'வியான்' பிடித்திருந்தது. அப்பா சொல்லிப் பார்த்தார். அது இருமல்போல் வந்தது. அம்மா ஒரு மீன் துண்டில் முள் எடுத்து, நாய்க்கு நேராக நீட்டி "இந்தா" என்றாள். வந்தது. இரண்டாவது துண்டுக்கும் வந்தது. "இது போதும். இன்னமே இந்த வூட்டுல நாய யாரும் வான்னு கூப்புடக் கூடாது, இந்தாதான்" என்று தீர்மானமாகச் சொன்னாள்.

அப்பா சோற்றிலிருந்து கையை எடுத்தார். "அது ஒன்னக் கூப்புடுறதாச்சே?"

உண்மைதான். கல்யாணமான நாளிலிருந்து அப்பா அம்மாவை 'இந்தா' என்று மட்டுமே கூப்பிட்டு வந்தார். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

"அதுக்கு நீங்க வேற வார்த்தையாப் பாத்துக்குங்க. நாயி பாவம், எத்தன பாஷைதான் கத்துக்கும்?" என்று சொல்லிவிட்டு அம்மா ரசம் ஊற்றினாள்.

மறுநாள் காலை அப்பா பல் துலக்கிவிட்டுக் கொல்லையிலிருந்து வந்து, காப்பிக்காக அடுப்படிப் பக்கம் திரும்பி "இந்..." என்றார். கைலியின் மேல் படுத்திருந்த பிஜு காதை நிமிர்த்தியது. அப்பா நிறுத்தினார். துண்டால் முகத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டார். பிறகு அம்மாவை அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. காப்பி வருவதற்கு ஏன் அவ்வளவு நேரமாகிறது என்று எனக்கு விளங்கவில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். காப்பி ஆற்றி முடிந்து, அம்மா கையில் பிடித்தபடி நின்றிருந்த டம்ளரில் தயாராகத்தான் இருந்தது.