இன்றே கடைசி நாள்

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை வாசலில் அந்த அக்கா உட்கார்ந்திருப்பார். மனு எழுதித் தருபவர். நாற்பது வயதிருக்கும். கொண்டையில் எப்போதும் ஒரு பேனா செருகியிருக்கும். அதை அவர் எடுத்து நான் பார்த்ததில்லை. இப்போது எல்லா விண்ணப்பமும் செல்போனில், கட்டைவிரலால்தான்.

முதல் பட்டதாரி சான்றிதழ் கிடைத்தால்தான் எனக்குக் கல்லூரிக் கட்டணம் குறையும். அதற்கு ‘இன்றே கடைசி நாள்’ என்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்து, சாப்பிடாமல் ஓடி வந்திருந்தேன்.

“அக்கா, இன்னைக்கே போட்டுடணும். கடைசி நாளாம்!”

“வூட்ல வேற யாராச்சும் டிகிரி முடிச்சிருக்காங்களா?”

“பத்தாவது தாண்டினதே நான்தான்க்கா.”

விண்ணப்பத்தை அனுப்பி முடித்த பிறகுதான் சிரித்தார். “இவ்ளோ படிச்சிருக்கியே, மெசேஜ்ல தேதி இருக்கானு பாக்கலையா? இன்னும் மூணு வாரம் இருக்கு.”

எனக்கு ஆத்திரம் வந்தது. “எவன்க்கா இந்தப் பொய்யக் கெளப்பி விட்டது?”

“எவனும் இல்ல, நான்தான். போன வருஷம் சரியான தேதியத்தான் போட்டேன். எல்லாரும் கட்டைவிரலத் தூக்கிக் காட்டினாங்க, ஒருத்தரும் வரல. தேதி முடிஞ்ச மறுநாள் வந்து அழுதாங்க.”

அவர்மேல் கோபப்படுவதா, அவரைக் கும்பிடுவதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்ததும், என்னோடு படித்த நாலு பேருக்கு அந்த மெசேஜை அனுப்பினேன். சரியான தேதி இப்போது எனக்குத் தெரியும். சேர்க்கவில்லை.