நுழைவுச்சீட்டில் நான் எழுதிக் கொடுத்த பெயர்

சென்ற ஆண்டு ஏப்ரல் பன்னிரண்டாம் திகதி, சனிக்கிழமை, பிற்பகல் ஒன்று இருபது. வெப்பம் பத்தொன்பது பாகை, மேற்கிலிருந்து மெல்லிய காற்று, மழைக்கு இடமில்லை. காலையிலேயே மூன்று இடத்தில் பார்த்து இதை உறுதி செய்திருந்தேன். ஏனென்றால் அன்று எண்பத்துநான்கு வயதுப் பெண்மணி ஒருவரைப் பலேர்மோவின் பெரிய கால்பந்து மைதானத்துக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போகவேண்டியிருந்தது.

அவரை நான் சிஞ்ஞோரா, இத்தாலியனில் அம்மா என்பதுபோல, என்று அழைப்பேன். பதினொரு மாதமாக, தினமும் மதியத்துக்குப் பிறகு நான்கு மணி நேரம் அவருக்குத் துணையாக இருப்பதுதான் என் வேலை. எனக்கும் எழுபத்தொரு வயது. யார் யாருக்குக் காவல் என்று என் மனைவி கேட்டுச் சிரிப்பாள்.

சிஞ்ஞோராவின் வீட்டுச் சமையலறை யன்னலைத் திறந்தால் மைதானத்து இரைச்சல் கேட்கும். அவருடைய கணவர் நாற்பத்தொரு வருடம், ஊரில் ஆட்டம் இருக்கும் ஒவ்வொரு ஞாயிறும் அங்கே போனவர். பெண்களுக்கு அது சரிவராது என்று அவர் சொல்லிவிட்டதால் இவர் ஒரு நாளும் போனதில்லை. இரைச்சலை வைத்தே கோல் விழுந்ததா, தவறியதா என்று அறிந்துகொள்வாராம். ஆட்டம் முடிந்த சத்தம் கேட்டதும் பாஸ்தாவுக்குத் தண்ணீர் வைப்பாராம். அது கொதிக்கவும் மனுஷன் படியேறி வரவும் சரியாக இருக்குமாம்.

கணவர் போய் ஆறு வருடம். மகள் வடக்கே தூரினில் இருக்கிறாள். வீடு விலைப்பட்டுவிட்டது. அடுத்த புதன்கிழமை தாயைக் கூட்டிப்போக மகள் வருகிறாள். அதற்கிடையில் ஊரில் நடக்கும் ஆட்டம் இது ஒன்றுதான். சிஞ்ஞோரா என்னிடம் கேட்ட ஒரே உதவியும் இதுதான். இத்தாலியனில் அவர் சொன்னதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்: "அந்த மனுசன் நாப்பத்தொரு வருசம் எங்கை போய் இருந்தவர் எண்டு ஒருக்காப் பாக்கவேணும். பிறகு என்னை எங்கை வேணுமெண்டாலும் கொண்டு போங்கோ."

அந்த மைதானம் எங்கள் இருவரையும் விட மூத்தது. முப்பதுகளில் கட்டினார்கள், தொண்ணூறாம் ஆண்டு உலகக் கோப்பைக்காகத் திருத்தினார்கள். கோடையில் பாட்டுக் கச்சேரிகளும் நடக்கும். கச்சேரிக்கு மறுநாள் கூட்டித் துடைக்க இங்கே குடியேறிய எங்கள் தமிழ் ஆட்கள் சிலர் போவதுண்டு. நானும் முன்பு இரண்டு தடவை போயிருக்கிறேன். அதனால் கணவர் இருந்த பகுதிக்கு முப்பத்தெட்டுப் படி என்பது எனக்குத் தெரியும். அது பெரிய நிம்மதி.

மற்றதெல்லாம் பயம்தான். அவர் விழுந்தால்? கழிப்பறை தூரமாக இருந்தால்? பட்டாசு வெடித்து நெஞ்சு அடைத்தால்? பயந்தவற்றைத் தாளில் எழுதிப் பார்த்தேன், பதினொன்று வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஏற்பாடு செய்தேன். மடிக்கும் நாற்காலி கூட எடுத்து வைத்தேன். வாசலில் விடமாட்டார்கள் என்று மனைவி சொன்னதால் மனமில்லாமல் விட்டுப் போனேன். சிஞ்ஞோராவின் அடையாள அட்டை காலாவதியாகவில்லையே என்று இரண்டு தரம் பார்த்தேன்.

வீட்டிலிருந்து வாசலுக்கு ஆயிரத்து நூற்றுப் பத்து காலடி, வழியில் ஏழு முறை நின்றோம். இரண்டு மணி ஐந்துக்கு வரிசையில் சேர்ந்தோம். ஆட்டம் மூன்று மணிக்கு. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

வாசலில் மஞ்சள் மேலங்கி போட்ட ஒரு பெண் பிள்ளை சீட்டையும் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். "சிஞ்ஞோர், இந்தச் சீட்டு இந்த அம்மான்ர இல்லை" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. இங்கே சீட்டுகளில் பெயர் அச்சிட்டிருக்கும், அட்டையில் உள்ள பெயரோடு அது பொருந்தவேண்டும். அது எனக்குத் தெரிந்ததுதான். ஆகவே சீட்டு வாங்கக் கடைக்குப் போகும்போதே சிஞ்ஞோராவின் பெயரை அழகாக எழுதிக் கொண்டுபோனேன். முதற்பெயர், அதன் பின் குடும்பப் பெயர். கீழ்வீட்டுக்காரர், மருந்துக்கடைக்காரர், பாதிரியார் எல்லாரும் அவரை அழைக்கும் பெயர். அது கணவரின் குடும்பப் பெயர்.

இந்த நாட்டில் பெண்கள் கலியாணம் கட்டினாலும் பத்திரங்களில் தகப்பன் வீட்டுப் பெயரிலேயே இருக்கிறார்கள். முப்பத்திரண்டு வருடம் இங்கே இருந்தும் எனக்கு அது தெரியாது. என் மனைவியின் பெர்மெஸ்ஸோவில், அதாவது வதிவிட அனுமதி அட்டையில், என் பெயர்தான் பின்னால் நிற்கிறது. கலியாணம் கட்டியவளின் பெயர் வேறு எப்படி இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. அட்டையில் திகதியை இரண்டு தரம் பார்த்த எனக்கு, அதற்கு மேலே இருந்த பெயரைப் பார்க்கத் தோன்றவில்லை.

"பேரை மாத்திக்கொண்டு வாங்கோ. சீட்டு விக்கிற யன்னல் மற்றப் பக்கம்" என்றாள் அந்தப் பிள்ளை. மற்றப் பக்கம் என்றால் மைதானத்தைப் பாதி சுற்றவேண்டும். நான் நடந்தால் பதினைந்து நிமிடம். சிஞ்ஞோராவால் முடியாது. தனியே விட்டுப் போகவும் பயம். நேரம் இரண்டு இருபத்தொன்று. சிஞ்ஞோரா தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். அவர் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பின்னால் நின்றவர்கள் கத்தத் தொடங்கினார்கள். எல்லாரிலும் அதிகமாகக் கத்தியவர், உள்ளூர் அணியின் ரோசாவும் கறுப்புமான சால்வை கட்டிய ஒரு தடித்த மனிதர். விஷயத்தைக் கேட்டதும் கத்துவதை அப்படியே நிறுத்தினார். கூட வந்த நண்பரைச் சிஞ்ஞோராவின் பக்கத்தில் நிறுத்திவிட்டு, "ஸியோ, வாங்கோ" என்றார். இந்த ஊரில் முன்பின் தெரியாத கிழவனையும் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அவருடைய ஸ்கூட்டரில் ஏறினேன். தலைக்கவசம் ஒன்றுதான் இருந்தது. அதை எனக்குப் போட்டுவிட்டார். எழுதி வைத்த பதினொரு பயத்தில் ஸ்கூட்டர் இல்லை.

யன்னலில் எங்களுக்கு முன்னால் பத்தொன்பது பேர். அந்த நேரம் பார்த்து மனைவி போன் எடுத்தாள்.

"என்னப்பா, உள்ளுக்கை போட்டியளோ?"

"இல்லையப்பா. பேர் பிழைச்சுப் போச்சு."

"ஆர்ர பேர்?"

"சிஞ்ஞோரான்ர. புருசன்ர பேரைக் குடுத்திட்டன்."

"கீரைப்பிடியில எத்தினை தண்டு எண்டு எண்ணுற மனுசன், அந்த மனுசியிட்டை ஒரு வார்த்தை கேக்கேல்லையோ?" என்றாள். போனை வைத்துவிட்டேன்.

சால்வைக்காரர் இரண்டு கையையும் தூக்கினார். "வழி விடுங்கோ! இந்த ஸியோ எண்பத்துநாலு வயசு ஆச்சி ஒராளுக்கு அவவைக் கேளாமலே கலியாணம் எழுதிப்போட்டார். மூண்டு மணிக்கிடையில பிரிச்சு வைக்கவேணும்!"

வரிசை முழுவதும் சிரித்தது. பதினேழு பேர் விலகி வழிவிட்டார்கள். மற்ற இருவரும் விலகவில்லை, அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. என் காது சுட்டது. ஆனாலும் இரண்டு நாற்பத்தாறுக்குப் புதிய சீட்டு கையில் இருந்தது.

திரும்பி வந்தபோது சிஞ்ஞோரா யாரோ கொண்டுவந்து போட்ட பிளாஸ்டிக் கதிரையில் இருந்து, சுற்றி நின்றவர்களுக்குப் பாஸ்தாத் தண்ணீர்க் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். கையால் தடுத்தார். "இந்த மைதானத்துக்கே மூண்டு நாலு தரம் பேர் மாத்திப்போட்டினம். நான் ஆரெண்டு கேக்க ஒருத்தரும் மினைக்கெடேல்லை. இண்டைக்குத்தான் என்ர பேருக்காக ஆக்கள் ஓடித் திரியினம்."

சீட்டை வாங்கி, தன் தகப்பன் வீட்டுப் பெயரைச் சத்தமாக வாசித்தார். பிறகு அதை என்னிடம் தரவில்லை. வாசலில் தானே நீட்டினார்.

முப்பத்தெட்டுப் படியையும் ஆறு தவணையாக ஏறினோம். இருக்கையில் இருந்ததும் பந்தைப் பார்க்காமல் பின்னால் திரும்பினார். இங்கிருந்து பார்த்தால் எங்கள் பல்கனி தெரியும், நீ என்ன செய்கிறாய் என்று பார்த்துக்கொண்டுதான் இருப்பேன் என்று கணவர் சொல்வாராம். என்னையும் தேடச் சொன்னார். மலை தெரிந்தது, மேல்தட்டுக் கூரை தெரிந்தது. பல்கனி எந்தக் கோணத்திலும் தெரியவில்லை.

"பொய்க்காரன்" என்றார். "நாப்பத்தொரு வருசம் பயந்து பயந்து உடுப்புக் காயப் போட்டனான்." கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு இவரைப் பார்த்தார்கள்.

அறுபத்துமூன்றாம் நிமிடம் எங்கள் ஊர் கோல் அடித்தது. எல்லாரும் எழுந்து கத்த, அவர் இருந்தபடியே காது கொடுத்துக் கேட்டார். "குசினியில இருந்து கேக்கேக்கை இதைவிடப் பெரிசு" என்று மட்டும் சொன்னார். கடைசியில் ஆட்டம் சமநிலை. பயந்த பதினொன்றில் ஒன்றும் நடக்கவில்லை. சால்வைக்காரரும் நண்பரும் எங்களை வீடுவரை கொண்டுவந்து விட்டார்கள். காசு கொடுத்தேன், சால்வைக்காரர் கோபித்தார். கீழே கோப்பிக்கடையில் எல்லாருமாகக் கோப்பி குடிக்கச் சம்மதித்தார்.

சிஞ்ஞோரா புதன்கிழமை போய்விட்டார். பல வருடமாகச் செய்வதுபோல நான் இப்போதும் சனிக்கிழமைகளில் எங்கள் ஆட்களுக்கு விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். முன்பெல்லாம் புருஷன் வாயால் சொல்லச் சொல்ல மனைவியின் பெயரையும் எழுதிவிடுவேன், அவள் பக்கத்தில் சும்மா இருப்பாள். இப்போது பேனாவை வைத்துவிட்டு அவளிடம் திரும்பி, "பிள்ளை, உங்கட பேரை நீங்களே சொல்லுங்கோ" என்கிறேன். சிலர் புருஷனைப் பார்ப்பார்கள், நான் காத்திருப்பேன். சொல்லும்போது அநேகமாக எல்லாருடைய குரலும் கொஞ்சம் நிமிர்ந்துதான் வருகிறது. கேட்டுவிட்டு எழுதவேண்டும் என்ற இந்தச் சின்ன விஷயத்தை எழுபத்தொரு வயதில் படிக்க எனக்கு ஆன செலவு, பெயர் மாற்றத்துக்கு நான்கு யூரோவும் நான்கு கோப்பிக்கு ஐந்து இருபதும் சேர்த்து, ஒன்பது யூரோ இருபது சதம்.