இரண்டு உயரத்தில் ஒரு மேடை

மதுரையில் அந்தக் கடை வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு உள்ளே போன அக்காவை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். சமையலறைகளை முழுசாக அமைத்துக் காட்டும் பெரிய கடை அது. வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு சமையலறைகள். ஒன்றிலும் அடுப்பு எரியாது, ஒரு குழாயிலும் தண்ணீர் வராது. அக்கா ஓர் இழுப்பறையை இழுத்துத் தள்ளினாள். அது பாதி வழியில் வேகம் குறைந்து, சத்தமே இல்லாமல் தானாக மூடிக்கொண்டது. மறுபடி இழுத்து, இந்தத் தடவை ஓங்கித் தள்ளினாள். அப்போதும் அது அசராமல் மெதுவாகத்தான் மூடியது. "ஏட்டி, இதுகிட்டக் கோவத்தக்கூடக் காட்ட முடியாது போலுக்கே" என்று சொல்லி, கடைப்பெண் பார்க்கிறாளே என்ற கூச்சம்கூட இல்லாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இவள் இனி பெங்களூருக்குப் போக மாட்டாள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அக்கா என் கூடப் பிறந்தவள் அல்ல, ஓரகத்தி. என் கணவரின் அண்ணன் மனைவி. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்த குடும்பத்துக்கு அவள் மூத்த மருமகளாக வந்து சில வருஷம் கழித்து நான் இளையவளாக வந்தேன். மாமியார் போய், அக்காவின் கணவர் பெரியத்தானும் போய், அக்காவின் ஒரே மகன் பெங்களூரில் வேலை, கல்யாணம், குழந்தை என்று அங்கேயே நிலைத்த பிறகும், நாங்கள் இருவரும் ஒரே அடுப்படியில்தான் நின்றோம். ஓரகத்திகள் ஒன்றாக இருந்தால் ஊரார் சண்டையைத்தான் எதிர்பார்ப்பார்கள். அவர்களை நாங்கள் முழுதாக ஏமாற்றவும் இல்லை. புளி கரைப்பதில் தொடங்கி விருந்தாளிக்கு எந்தத் தட்டு வைப்பது என்பது வரை மல்லுக்கட்டியிருக்கிறோம். ஆனால் அவள் கை நீட்டினால் கடுகு டப்பா என் கையில் இருக்கும். நான் திரும்பினால் அவள் குழம்புச் சட்டியை ஏற்கெனவே இறக்கியிருப்பாள். என் கணவரிடம்கூட எனக்கு அப்படி ஒரு ஒத்திசைவு கிடையாது. அவரிடம் எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும்.

அந்தப் பழைய அடுப்பு மேடை அக்காவின் உயரத்துக்குக் கட்டியது. அவள் கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் கொத்தனாரை வரவழைத்து, அவளைச் சுவரோரம் நிறுத்தி, முழங்கைக்குக் கீழே சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடச் சொன்னாராம். அக்கா குள்ளம். நான் எங்கள் வகையறாவிலேயே நெட்டை. நான் வந்த முதல் நாளே அவள் என்னை அண்ணாந்து பார்த்து, "பனைமரத்தக் கொண்டாந்து அடுப்படியில நட்டுட்டாவளே" என்றாள். அந்த மேடைக்கு முன்னால் வருஷக்கணக்காகக் குனிந்தே நின்று என் இடுப்பு ஒரு வழியாகிவிட்டது. ராத்திரி படுக்கப் போகும்போது அவள்தான் தைலம் தேய்த்துவிடுவாள். தேய்த்துக்கொண்டே, இந்தப் பாவமெல்லாம் எனக்குத்தான் என்பாள்.

பெரியத்தான் போன பிறகுதான் பெங்களூர்ப் பேச்சு தொடங்கியது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, அம்மா தனியாக அங்கே எதற்கு என்று மகன் போன் போட்டபடி இருந்தான். தனியாக என்று அவன் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். நான் ஒருத்தி இங்கே இருப்பது அவன் கணக்கிலேயே இல்லை. என் மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள், கணவர் காலையில் தன் கடைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். அக்காவும் போய்விட்டால் அந்த வீட்டில் பகல் முழுக்க என்னோடு பேச ஓர் உயிர் இருக்காது. அவளைப் போகாதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, பெற்ற பிள்ளை கூப்பிடுகிறான். அதனால் சமையலறையைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஆசைப்பட்ட மாதிரி, ஊரே வந்து பார்க்கிற மாதிரி ஒன்றைக் கட்டிவிட்டால் அதை விட்டுவிட்டு எப்படிப் போவாள் என்று நினைத்தேன்.

கணவரிடம் சொல்லச் சாக்குக்குப் பஞ்சமில்லை. கரிசல் மண் மழைக்கு ஊதும், வெயிலுக்கு வெடிக்கும். எங்கள் அடுப்படித் தரை ஒவ்வொரு ஐப்பசிக்கும் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், சித்திரையில் சுவரோரம் விரல் நுழைகிற அளவுக்குப் பிளந்துவிடும். கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டுச் சரள் அடித்துத்தான் புதுத்தரை போட வேண்டும் என்று என்ஜினியர் சொன்னார். எப்படியும் தோண்டப் போகிறோம், அதோடு இதையும் செய்துவிடலாம் என்று நான் பிடித்த பிடியில் அவர் சம்மதித்தார். சம்மதிக்காமல் அவர் எங்கே போவார்.

மதுரைக் கடையிலிருந்து வடிவமைப்புக்காரப் பெண் ஒருத்தி வந்தாள், சின்ன வயது, கையில் பலகை மாதிரி ஒரு கம்ப்யூட்டர். "உங்க லைஃப்ஸ்டைல் பத்திச் சொல்லுங்க ஆன்ட்டி" என்று கேட்டாள். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, "காலையில இட்லி, மத்தியானம் சோறு, ராவுல தோச. இடையில இவ புலம்பலு" என்று என்னைக் காட்டினாள். அந்தப் பெண் அதையும் குறித்துக்கொண்டது போலத்தான் இருந்தது. பிறகு வாரக்கணக்கில் எங்கள் வீட்டில் அதே பேச்சுதான். நடுவில் தீவு மாதிரி ஒரு மேடை, சுவரில் பதித்த ஓவன், மேலே புகைபோக்கி, மூலைக்குள் சுழன்று வெளியே வருகிற தட்டுகள், வெள்ளையில் சாம்பல் கீற்று ஓடும் குவார்ட்ஸ் கல். இட்லிக் கொப்பரை நிற்க எவ்வளவு ஆழம் வேண்டும், கிரைண்டரை எங்கே ஒளிப்பது, மிளகாய் வற்றல் வறுத்தால் நெடி எந்தப் பக்கம் போகும் என்று அக்கா ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவள் கேட்கக் கேட்க எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போகிறவள் மிளகாய் நெடியைப் பற்றி ஏன் கவலைப்படப் போகிறாள்?

மேடை எந்த உயரம் என்ற கேள்வி வந்தபோது நான் முந்திக்கொண்டேன். இரண்டு உயரம் வேண்டும் என்றேன். அடுப்புப் பக்கம் பாதி அக்காவுக்குத் தாழ, பாதி எனக்கு உயர. பார்க்க நன்றாக இருக்காது, கல் ஒரே வீச்சாக ஓடினால்தான் அழகு என்று அந்தப் பெண் சொன்னாள். அழகு கிடக்கட்டும், நாங்கள் இருவர் நிற்கிற இடம் என்றேன். அக்கா எழுந்து போய்க் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து வந்தாள்.

இடித்துக் கட்டிய அந்தக் காலம் முழுக்கக் கார் ஷெட்டில்தான் சமையல். மேடை கிடையாது, அடுப்பைத் தரையில் வைத்து இருவரும் எதிரும் புதிருமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து சமைத்தோம். உட்கார்ந்தால் நாங்கள் ஏறத்தாழ ஒரே உயரம். புழுதியும் சிமெண்டுமாக, தண்ணீர்க் குடத்தைத் தூக்கி அலைந்துகொண்டு, கஷ்டம்தான். ஆனாலும் அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

தரை போட்டு முடிந்து, பலகைகளும் கல்லும் வந்து இறங்குகிற சமயத்தில் குளத்தூரில் என் அம்மா வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டாள். நான் போக வேண்டியதாயிற்று. "நீ போயிட்டு வா, இங்கன நான் பாத்துக்கிடுதேன்" என்று அக்கா பையை எடுத்துக் கொடுத்தாள். தினமும் போனில் கேட்பேன். புகைபோக்கி மாட்டியாச்சு, கதவெல்லாம் வந்தாச்சு, கல் பதிச்சாச்சு என்று ஒவ்வொன்றாகச் சொல்வாள். பால் காய்ச்சுவதற்கு முந்தின சாயங்காலம்தான் திரும்பினேன். மேடை மேல் அட்டையும் பிளாஸ்டிக் தாளும் போர்த்தி, அதன் மேல் ஆட்களின் சாமான்கள் கிடந்தன. காலையில் பார்த்துக்கொள்ளலாம், போய்ப் படு என்று அக்கா என்னை உள்ளே விடவில்லை.

காலையில் வீடு நிறைய ஆட்கள். பெங்களூரிலிருந்து அக்காவின் மகனும் மருமகளும் குழந்தையோடு காரில் வந்திருந்தார்கள். கல் பளபளவென்று கிடந்தது. வந்த பெண்களெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அடுப்பைப் பற்ற வைக்க அக்காவைக் கூப்பிட்டேன். "நீ பத்த வைட்டி" என்று பின்னால் போய் நின்றாள். எனக்குச் சுருக்கென்றது. கணவர் இல்லாதவள் நல்ல காரியத்தில் முன்னால் வரக் கூடாது என்று அவளுக்கு அவளே ஒதுங்கிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். ஒரு பெரியம்மாவும் அதுதான் முறை என்கிற மாதிரி தொண்டையைச் செருமினார். யார் என்ன சொன்னால் என்ன என்று அவள் கையைப் பிடித்து இழுத்து வந்து அடுப்புக்கு முன்னால் நிறுத்தினேன்.

நிறுத்திய பிறகுதான் கண்ணில் பட்டது. மேடை அவள் நெஞ்சுக்கு இருந்தது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், கல் ஒரே வீச்சாக, ஒரே உயரத்தில் ஓடியது. அது என் உயரம். அக்கா அடுப்பைப் பற்ற வைத்து, பால் பாத்திரத்தை வைத்து, பொங்குகிறதா என்று பார்க்கக் குதிகாலைத் தூக்கி நின்றாள்.

கல் பதித்தவன் தப்புச் செய்துவிட்டான் என்றுதான் முதலில் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன்.

"அவம் மேல தப்பில்லட்டி. நாந்தான் சொன்னேன்."

"எதுக்கு?"

"நிக்கப்போறவளுக்கு ஏத்த மாதிரிதான கட்டணும்."

"முன்னமே சொல்லியிருக்கலாம்லாக்கா."

"சொன்னா நீ அடுப்படியே வேண்டாம்னுருவ. நீ எதுக்காவ இதக் கட்டுதன்னு எனக்குத் தெரியாதா? இடுப்பு ஒடிய நின்னது போதும்ட்டி."

பால் பொங்கியது. சுற்றி நின்றவர்கள் குலவையிட்டார்கள். எனக்கு வந்தது அழுகை அல்ல, கோபம். இத்தனை நாள் மிளகாய் நெடியும் கொப்பரை ஆழமும் கேட்டதெல்லாம் எனக்காகக் கேட்டது. தான் போன பிறகு நான் எப்படி நிற்பேன், எதை எங்கே வைப்பேன் என்று அவள் ஒவ்வொன்றாக யோசித்திருக்கிறாள். என்னை விட்டுப் போகிற வேலையை என் கண் முன்னாலேயே, என்னோடு உட்கார்ந்தே, இவ்வளவு பொறுமையாகச் செய்திருக்கிறாள். அடுத்த வாரமே அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் சமையலறை ஊரில் பேசப்பட்டது. புதுவீடு கட்டுகிறவர்கள் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு பார்க்க வருவார்கள். நான் இழுப்பறையை இழுத்துக் காட்டுவேன், மூலைத் தட்டைச் சுழற்றிக் காட்டுவேன், காப்பி கொடுப்பேன். அவர்கள் போனதும் நடுமேடையைத் துடைப்பேன். எட்டுப் பேருக்குச் சமைக்கலாம் அதில். நான் ஒரு ஓரத்தில் இரண்டு பேருக்கு ரசம் வைக்கிறேன். பகலில் புகைபோக்கியை வேலையில்லாமலே ஓடவிட்டு வைப்பதுண்டு, ஒரு சத்தம் கேட்கட்டுமே என்று. இடுப்பு வலி போய்விட்டது. எப்படி இருக்கிறது என்று போனில் அக்கா கேட்டால், இன்னும் வலிக்கிறது என்று பொய் சொல்வேன். அவளும் அங்கே நன்றாக இருப்பதாகவே சொல்வாள். சமையலுக்கு ஆள் வருகிறது, மருமகளுக்கு எல்லாம் அது அது இருந்த இடத்தில் இருக்க வேண்டும், எனக்கு ஒரு வேலையும் இல்லை, ராணி மாதிரி இருக்கேன் என்பாள்.

போன திருவிழாவுக்கு அக்கா வந்தாள். மெலிந்திருந்தாள். மத்தியானம் சாப்பிட்டுக் கொஞ்சம் தூங்கி எழுந்தவள் அடுப்படிப் பக்கம் வந்தாள். நான் உள்ளே பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் காலடிச் சத்தம் எனக்குத் தெரியும். வழக்கம் போல நேரே உள்ளே வந்து பால் பாத்திரத்தைத் திறந்து பார்ப்பாள் என்று நான் திரும்பாமலே ஒதுங்கி இடம் விட்டேன். யாரும் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். நிலைப்படிக்கு வெளியே, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஏட்டி, நான் ஒரு வாய் காப்பி போட்டுக்கிடட்டுமா?"

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை. "யார்கிட்ட கேக்குதீங்க நீங்க? இந்த வீட்டு அடுப்படியில யார்கிட்டக்கா கேக்குதீங்க?" என்று கத்தியேவிட்டேன்.

அக்கா கட்டியிருந்த கைகளைச் சட்டென்று பிரித்தாள். எங்கே வைப்பது என்று தெரியாதவள் போல அவற்றைப் பார்த்துவிட்டு, "அங்கன கேட்டுப் பழகிருச்சுட்டி" என்றாள்.