வலைக்குப் பின்னால் நின்ற அக்கா

திண்டிவனத்தில் எங்கள் பள்ளியின் பெண்கள் கால்பந்து அணிக்கு என் அக்காதான் கோல்கீப்பர். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். விழுப்புரத்தில் இறுதி ஆட்டம் நடக்கவிருந்த வாரத்தில், பயிற்சியின்போது பந்துக்குப் பாய்ந்து விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாள். முழங்கால் வரை மாவுக்கட்டு. நான் அப்போது நான்காம் வகுப்பு. அந்த மாவுக்கட்டின் மேல் முதல் ஆளாகப் பெயர் எழுதிய பெருமையோடு தெருவெல்லாம் திரிந்தேன்.

ஆட்டத்தன்று காலையில் அக்கா ஜெர்சியை மாட்டிக்கொண்டு, ஊன்றுகோலுடன் வாசலில் நின்றாள்.

"கால ஒடச்சிக்கினு எங்கடி கெளம்பிட்ட?" என்றாள் அம்மா.

"எனக்குப் பதிலா நிக்கப்போறது ஒம்பதாவது படிக்கிற பொண்ணும்மா. இதுவரைக்கும் ஒரு மேட்ச்கூட ஆடல. நான் போவலன்னா பயந்துடுவா."

அப்பா சட்டையை எடுத்து மாட்டினார். எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று பொருள். பஸ்ஸில் விழுப்புரம் வரை அக்காவின் கால் அப்பாவின் மடியில்தான் இருந்தது. துணைக்கு என்று சொல்லி நானும் தொற்றிக்கொண்டேன்.

மைதானத்தில் டீச்சர் நிழல் பார்த்து நாற்காலி போட்டுக் கொடுத்தார். அக்கா அதில் உட்காரவேயில்லை. நேராகப் போய் கோல் வலைக்குப் பின்னால், வெயிலில் நின்றுகொண்டாள். அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் வெறுங்கையோடு கோலில் நின்றிருந்தாள். அக்கா தன்னுடைய கையுறைகளை அவளுக்கு மாட்டி, மணிக்கட்டுப் பட்டையை இழுத்து ஒட்டிவிட்டாள்.

ஆட்டம் தொடங்கியதிலிருந்து அக்கா கத்திக்கொண்டே இருந்தாள். "முன்னால வா! ரைட்ல ஆளு வர்றா! என்னப் பாக்காத, பந்தப் பாரு!" முதல் பாதியில் எங்கள் அணி ஒரு கோல் போட்டது. இடைவேளையில் பக்கம் மாறினார்கள். கோல்கீப்பர் எதிர்க்கோடிக்குப் போனால் அக்காவும் போக வேண்டுமே! உச்சி வெயிலில் மைதானத்தின் ஓரமாகவே ஊன்றுகோலை ஊன்றி ஊன்றி நடந்தாள். எதிரணிக்காரர்கள்கூட எழுந்து கைதட்டினார்கள். தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு, அந்தக் கைதட்டலில் பாதி எனக்கு என்பதுபோல் பின்னால் நடந்தேன்.

இரண்டாம் பாதியில் அவள் குரல் கம்மிவிட்டது. "அந்தப் பத்தாம் நம்பரப் பாரு. எப்பவும் நம்ம எடது கைப் பக்கமே அடிக்கிறா" என்று என்னிடம் முணுமுணுத்தாள்.

ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் எதிரணிக்குப் பெனால்டி கிடைத்தது. பந்தை வைத்தது அதே பத்தாம் நம்பர். எங்கள் பெண் வலைப்பக்கம் திரும்பினாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, எந்தப் பக்கம்க்கா?"

"எனக்குத் தெரியல. நீதான் கீப்பரு. ஒனக்குத் தோணுற பக்கம் போ."

எனக்குத் தெரியுமே! சொல்ல வாயெடுத்தேன். அக்காவின் கை என் வாயை இறுகப் பொத்தியது. உள்ளங்கை ஈரமாக இருந்தது.

பந்து இடது பக்கம்தான் வந்தது. அந்தப் பெண்ணும் இடது பக்கமே பாய்ந்தாள். விரல் நுனியில் பட்டுப் பந்து வெளியே போனது. கடைசி விசில் ஊதியதும் எல்லோரும் அவளைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். அவள் திமிறி இறங்கி எங்களிடம் ஓடி வந்தாள்.

"நானே தடுத்துட்டேன்க்கா!"

அக்காவுக்குச் சுத்தமாகக் குரல் இல்லை. "பாத்தேன்" என்று உதடுதான் அசைந்தது. அப்பா தூரத்தில் நின்று, பக்கத்தில் இருந்த யாரிடமோ, "கட்டுப் போட்டுக்கினு நிக்குதே, அது எம் பொண்ணுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன். "ஒனக்குத்தான் தெரியும்ல? ஏன் தெரியாதுன்ன?" அக்கா தொண்டையைத் தொட்டுக் காட்டிச் சிரித்தாள்.

கால் வலியில் மறந்துபோயிருப்பாள் என்று நானே முடிவு செய்து, அவள் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து, யாரிடமும் அதைச் சொல்லவில்லை. அந்த வருடத்தோடு அக்கா பள்ளியை விட்டுப் போய்விடுவாள் என்பதோ, அடுத்த வருடம் அந்தப் பெண் பின்னால் ஒருவரும் இல்லாமல் அதே கோலில் நிற்க வேண்டும் என்பதோ நான்காம் வகுப்புக்காரிக்குத் தோன்றவேயில்லை.