கண்ணை மூடிப் பிடித்த மின்னல்

மின்னியவுடன் கமராவின் பொத்தானைச் சட்டென்று அமத்தினால் படம் விழுந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் வெறும் இருட்டுத்தான் கிடைக்கும். கமராவை முக்காலியில் நிறுத்தி, அதன் ஒளிக்கதவை அரை நிமிடம் திறந்து வைத்துக்கொண்டு, இப்போது விழு என்று வானத்தைக் கெஞ்ச வேண்டும். விழாவிட்டால் மூடி மறுபடி திறக்க வேண்டும். நான் கணித ஆசிரியன். வகுப்பில் ஐந்து நிமிடம் பொறுமை கிடையாது. இந்த விஷயத்தில் மட்டும் மூன்று ஐப்பசி மாதங்கள் பொறுத்திருந்தேன்.

என்னை ஏற்றிப்போவது ஓர் ஓட்டோக்காரர். கிண்ணியா முஸ்லிம், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணன் முறைக்கு நான் அவரை நானா என்பேன், அவர் என்னை சேர் என்பார். என் மகளைப் பாலர் பாடசாலைக்கு ஏற்றத் தொடங்கிய நாளிலிருந்து பத்து வருடப் பழக்கம். மாரிக்கு முன் பின்னேரங்களில் தம்பலகாமப் பக்கம் வானம் கறுத்தால் அவரிடமிருந்து போன் வரும்.

"சேர், மேற்கால கறுக்குது. வாறனா?"

கிண்ணியாப் பாலத்தடியில் பூட்டிக் கிடக்கும் ஒரு மீன்கடையின் தகரக் கூரைக்குக் கீழே நிற்போம். பாலமும் குடாவும் வானமும் ஒரே சட்டத்துக்குள் வரும் அந்த இடத்தைக் காட்டியதே அவர்தான். ஆனால் மின்னினால் மனுஷன் கண்ணை இறுக மூடிக்கொள்வார். நான் பகிடி பண்ணுவேன், அவரும் சிரிப்பார். எனக்கு வேண்டியது, வானத்திலிருந்து தண்ணீர்வரை முழுதாக இறங்கும் ஒரு மின்னல். கிடைத்ததெல்லாம் முகிலுக்குள் மினுங்கிய வெளிச்சம்தான்.

போன வருடம் ஒருநாள், ஒன்றரை மணித்தியாலம் நின்றும் ஒன்றுமில்லை. எனக்கு எரிச்சல் தலைக்கேறிவிட்டது. கமராவில் பூட்டிய வயரை, அமத்திப் பிடிக்கும்வரை கதவைத் திறந்து வைப்பதை, நானாவின் கையில் திணித்தேன்.

"இதை அமத்திப் பிடியுங்கோ நானா. முப்பது எண்ணிப்போட்டு விடுங்கோ. திரும்ப அமத்துங்கோ. நான் பிளேன்ரீ வாங்கிக்கொண்டு வாறன்."

"எனக்கு ஏலாது சேர். கெட்டுப்போகும்."

"கெடுறதுக்கு அங்க ஒண்டும் இல்லை."

தேநீர்க்கடை வாசலில் இரண்டு கப்போடு திரும்பியபோது குடா முழுவதும் பகலானது. பாலத்துக்கு அப்பால், நுனிவரை கிளைகளோடு, அது தண்ணீரில் இறங்கியது. கையெல்லாம் தேநீர் சிந்தச் சிந்த ஓடினேன். நானா கண்ணை மூடியபடி, வயரைப் பிடித்த பிடி விடாமல், "இருவத்தெட்டு, இருவத்தொம்பது" என்று எண்ணிக்கொண்டிருந்தார். முப்பதில் கையை விட்டார்.

கமராவின் திரையை என் பக்கம் திருப்பிப் பார்த்தேன். முழுதாக விழுந்திருந்தது. பாலத்து விளக்குகள்கூட ஊசிமுனை போலத் தெளிவாக இருந்தன.

"விழுந்திச்சா சேர்?"

"இல்லை நானா. வயரை இழுத்துப்போட்டீங்கள். அசைஞ்சு போச்சு."

பொறாமை. வேறு காரணம் என்னிடம் இல்லை. மூன்று வருடம் நான் காத்திருந்தது, முதன்முதல் வயரைத் தொட்டவர் கையில் வந்து விழுந்ததை என்னால் தாங்க முடியவில்லை. சட்டம் வைத்தது நான், வெளிச்சத்தைக் கணக்குப் பார்த்தது நான், அவர் விரலை மட்டும்தானே வைத்தார் என்று வீட்டுக்கு வந்து எனக்கு நானே பாடம் நடத்தினேன். நல்லாசிரியன்தான்.

இந்த வருடம் நகரத்தில் நாங்கள் சில பேர் சேர்ந்து ஒரு புகைப்படக் கண்காட்சி வைத்தோம். அந்தப் படத்தைப் பெரிதாக்கி, கீழே என் பெயரை ஒட்டி நடுச்சுவரில் மாட்டினேன். படத்தை ஏற்றிப்போக வேறு ஓட்டோ பிடித்தேன். நானாவிடம் மூச்சுக்கூட விடவில்லை.

இரண்டாம் நாள் பின்னேரம் அவர் தானாகவே வந்தார். மினுக்கி மடிப்புக் கலையாத சேட்டு, கூடவே மனைவி. யாரோ சொல்லியிருக்கிறார்கள். நேரே அந்தப் படத்தின் முன் போய் நின்றார்.

"பாத்தியா, இது நம்மட பாலத்தடி," என்று மனைவிக்குக் காட்டினார். "மூணு வருசம் சேர் நாயாப் பாடுபட்டாரு. கடைசில புடிச்சிட்டாரு."

முகமெல்லாம் சந்தோஷம். என்னைத் திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"நானா, இது நான் எடுத்ததில்லை. நீங்கள் எடுத்தது. நான் தேத்தண்ணி வாங்கப் போன அண்டைக்கு."

அவர் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அது அசைஞ்சு போச்செண்டு சொன்னீங்க."

"பொய் சொன்னனான்."

அவருடைய மனைவி முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு, யாரிடமென்று இல்லாமல் சொன்னார். "சேருட படத்தெ கெடுத்துப்போட்டன் எண்டு அண்டு ராவைக்கு இவரு சோறும் தின்னல்ல."

மேசையில் இருந்த பேனாவை எடுத்து, என் பெயரை வெட்டி, மேலே அவருடைய பெயரை எழுதினேன். எழுத்து கோணல்மாணலாக வந்தது. அவர் அதை வாசித்துவிட்டு மறுபடியும் மின்னலைப் பார்த்தார். அவர் அதைக் காண்பது அன்றுதான் முதல்தடவை. நெடுநேரம் பார்த்தார்.

"பேரு கெடக்கட்டும்," என்றார். "அண்டைக்கே சொல்லியிருந்தா ரெண்டு பேருமா நிண்டு பாத்திருக்கலாமே சேர்."

வாசலில் மனைவிதான் திரும்பி, "வாறம் சேர்" என்று விடைபெற்றார். நானா திரும்பாமலே நடந்தார்.